துவாரபாலகர் காற்றாடி

ஷைஜா விமானம் படித்தவள். குலசேகரத்தில் இதை யாரும் மறுக்க மாட்டார்கள். சிரிக்க மட்டும் செய்வார்கள். ஏனென்றால் விமானம் படித்தவள் பதினெட்டு வருஷமாகப் பழுது பார்ப்பது ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் மெஷினை. உறைந்த ரப்பர் பாலை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவில் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால் மறுபக்கம் ஷீட்டாக வரும். உருளை சிக்கினாலும் பல்சக்கரம் தேய்ந்தாலும் பேச்சிப்பாறை வரையுள்ள தோட்டக்காரர்கள் அவள் பட்டறைக்குத்தான் வருவார்கள். வேலை முடிந்து போகும்போது, "பிளேன் படிச்ச பிள்ளைக்க கைராசி தனியாக்கும்" என்று ஒரு ஊசியையும் ஏற்றிவிட்டுப் போவார்கள்.

அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஊசி ஊசிதானே. அவள் படித்த கல்லூரியில் ஒரே ஒரு விமானம் நின்றது. இரண்டு பேர் உட்காரும் பழைய பயிற்சி விமானம். என்றோ ஒருநாள் மூக்குக் குப்புற இறங்கி, முன்னால் சுற்றும் புரொபெல்லரில் ஒரு கையை ஒடித்துக்கொண்டு, பறக்க லாயக்கில்லாமல் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. மூன்று வருஷத்தில் அதன் எஞ்சினை ஷைஜா நாற்பது தடவையாவது கழற்றி மாட்டியிருப்பாள். ஒரு தடவைகூட அதை ஓடவிட்டுப் பார்த்ததில்லை. அனுமதி இல்லை என்றார்கள். தண்ணீர் விடாத குளத்தில் நீச்சல் படித்த கதைதான். செய்த வேலையைத் தங்கள் நோட்டில் எழுதக்கூட மாணவர்களுக்குப் பென்சில் மட்டும்தான் கொடுப்பார்கள். விமானத்தின் குறிப்பேட்டில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போடுவது லைசென்ஸ்காரர்களின் உரிமை. லைசென்ஸ் பரீட்சைக்கு முன்னால் ஷைஜாவுக்குக் கல்யாணம் வந்தது, பிறகு பிள்ளைகள் வந்தார்கள், பிறகு ரோலர்கள் வந்தன.

போன வருஷம் அந்தக் கல்லூரியை இழுத்து மூடினார்கள். புளியமரத்தடியில் கிடந்த விமானத்தைப் பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர் கடைக்காரர் வெட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் ஷைஜா கையில் இருந்த ரோலரை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள். சாயங்காலம் லாரியோடு திரும்பி வந்தாள். லாரிமேல் இறக்கை தனியாக, உடம்பு தனியாக, வால் தனியாக அவளுடைய விமானம்.

அவள் கணவன் ஸ்டெனி ரப்பர் ஷீட் வாங்கி விற்பவன். நல்ல மனுஷன். எதற்கும் முதலில் கேலி செய்வான், பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு இறங்கிவிடுவான்.

"கோழி வாங்கப் போனவ ஆனையக் கொண்டாந்திருக்கா. ஏட்டி, இதுக்கு புல்லு வைக்கணுமா, பிண்ணாக்கு வைக்கணுமா?"

"பெட்ரோல் வைக்கணும்" என்றாள் ஷைஜா.

ஸ்டெனி அன்றைக்கே பட்டறையின் பின்வேலியைப் பிடுங்கிப் போட்டு இறக்கைக்கு இடம் செய்தான். வேலிக்கு அப்பால் மிஷன் பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானம்.

பத்து மாசம் வேலை நடந்தது. நசுங்கிய மூக்குத் தகட்டை மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தினாள். எஞ்சினுக்குள் குடும்பம் நடத்திய எலிகளை மரியாதையாக வெளியேற்றினாள். துருவேறிய ஒவ்வொரு போல்ட்டையும் எண்ணெயில் ஊறப்போட்டு, காத்திருந்து, கெஞ்சிக் கழற்றினாள். இறக்கைக்கு மேல் போர்த்தியிருந்த துணி கந்தலாகக் கிடந்தது. அதை உரித்தெறிந்துவிட்டு நல்ல அழுத்தமான வேட்டித் துணி எடுத்து வந்தாள். சர்ச் ஐயர்மாருக்கு அங்கி தைக்கும் யேசுரத்தினம் டெய்லர் இறக்கைக்கு அளவெடுத்து, "ஒனக்க பிளேன் ஒண்ணுதான் இதுவரைக்கும் அசையாம நின்னு அளவு குடுத்துது" என்றபடி உறை தைத்துக் கொடுத்தார். அதன்மேல் பசை பூசிக் காயவிட்டதும் இறக்கை மேளத் தோல்போல விறைத்தது. விரலால் சுண்டிப் பார்ப்பதற்கென்றே ஸ்டெனி நாளைக்கு நாலு தடவை வந்து போனான்.

ஏப்ரலில் பள்ளிக்கூடத்துத் தாளாளர் செல்வதாஸ் வந்தார். விமானத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பள்ளிக்கூட வாசலில் தூண் கட்டி அதன்மேல் வைத்தால் பிள்ளைகள் பார்ப்பார்களே என்றார். ஷைஜா யோசித்தாள். பட்டறையில் கிடந்தால் அடுத்த மழையில் எலிகள் திரும்பி வந்துவிடும். தூணில் ஏறினால் ஊர் பார்க்கும், மானமாக இருக்கும். எஞ்சினை மட்டும் கழற்றித் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லிச் சம்மதித்தாள். பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை கிரேன் வரும் என்று முடிவாயிற்று.

செல்வதாஸ் சாருக்கு ஒரே ஒரு கவலைதான். "மலைக்காத்து அடிச்சா மேல அந்த ஃபேன் கிறுகிறுன்னு சுத்துமே, பிள்ளே. கழண்டு யாருக்காவது தலையில விழுந்தா? சுத்தாம ஆணி அடிச்சுப் போடணும், கேட்டியா?"

புரொபெல்லருக்கு ஆணி! ஷைஜாவுக்கு நெஞ்சில் அடித்ததுபோல இருந்தது. ஆனால் தலையாட்டினாள்.

அவளுக்கும் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஆணி அடிப்பதற்கு முன்னால், தூணில் ஏற்றுவதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை அந்த விமானம் தன் காற்றிலேயே நகர வேண்டும். பறக்க விடும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. உரிமம் ரத்தாகிப் பல வருஷமான விமானம் மேலே போனால் அவள் உள்ளே போக வேண்டியிருக்கும். பட்டறையிலிருந்து மைதானத்து கோல்போஸ்ட் வரைக்கும் தரையில் போனால் போதும். எஞ்சின் ஓடினால் போதாதா என்று ஸ்டெனி கேட்டான்.

"சத்தம் போட பம்ப்செட்டு போதுமே. நகந்தாத்தான் அது பிளேன்" என்றாள். பிறகு, கேலி எதுவும் கலக்காமல், "நான் படிச்சது நெஜந்தானான்னு எனக்கு ஒரு தடவ பாக்கணும்" என்றாள்.

பாக்கி இருந்தது புரொபெல்லர்தான். மரத்தில் செதுக்கியது, ஒரு கை முழுசாக இருந்தது, மறுகை அடியோடு போயிருந்தது. முழுசாக இருந்த கையைப் பார்த்தால் அது தட்டையான பலகை அல்ல. காற்றை வெட்டித் தள்ளுவதற்காக ஒரு பக்கம் சரிந்து, முறுக்கேறி, நுனிக்குப் போகப் போக மெலிந்திருக்கும். இதைத் தச்சரிடம் கொடுத்தால் கட்டில்கால் ஆக்கிவிடுவார். ஷைஜா மயிலாடிக்குப் போனாள். அங்கே சிற்பி சுயம்புராஜ் இருந்தார்.

சுயம்புராஜ் கல்லிலும் மரத்திலும் கை வைப்பவர். நெற்றியில் நீளமாக வெள்ளை நாமம், தலையில் முண்டாசு. அய்யாவழிக்காரர். "சிலையே வேண்டாங்குத வழியில இருந்துக்கிட்டு சிலை செஞ்சு பிழைக்கேன். அய்யா மன்னிச்சுக்கிடுவாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கோயில் வாசலில் காவல் நிற்கும் துவாரபாலகர் ஜோடியில் அவரை மிஞ்ச ஆளில்லை. இடது பக்கத்தவரும் வலது பக்கத்தவரும் ஒருவரையொருவர் கண்ணாடியில் பார்த்ததுபோல அச்சாக நிற்பார்கள்.

ஒடிந்த புரொபெல்லரைத் தடவித் தடவிப் பார்த்தார். "ஏம்மா, இந்தக் கை எப்பிடியோ அப்பிடியே மறுகையும் வேணும். அப்பிடித்தானே?"

"அப்படியேதான் அண்ணாச்சி. ஒரு நூலு பிசகப்பிடாது."

"நூலா? தலைமயிரு பிசகாது."

ஒரு மாசத்தில் நல்ல காய்ந்த அயினி மரத்தில் இரண்டு கையும் ஒரே துண்டாகப் புது புரொபெல்லர் வந்தது. அப்படி ஒரு அழகைக் குலசேகரம் பார்த்ததில்லை. எண்ணெய் பூசி, தேன் நிறத்தில், விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு போயிற்று. நடுத்துளையில் கம்பியைச் செருகி இரண்டு முட்டுகளுக்கு மேல் வைத்தாள் ஷைஜா. எந்தக் கையும் தாழவில்லை, எந்தக் கையும் உயரவில்லை. எப்படித் திருப்பி விட்டாலும் விட்ட இடத்தில் நின்றது. எடையில் குண்டுமணி வித்தியாசம் இல்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. பார்த்திருக்க வேண்டும். படித்தவள்தானே.

வியாழக்கிழமை மத்தியானம் முதல் ஓட்டம். சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைத்து, வாலைத் தென்னையில் கயிற்றால் கட்டி, லாரி பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தாள். ஸ்டெனி நெருப்பணைக்க மணல் வாளிகளோடு நின்றான். ஷைஜா உள்ளே ஏறி உட்கார்ந்து பெட்ரோலைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். எஞ்சின் இருமியது. இன்னொரு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

இத்தனை வருஷமும் அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் இப்போது காதில் கேட்டது. ஷைஜா "கர்த்தாவே!" என்று கத்தினாள், அது அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் சந்தோஷம் பத்து எண்ணுவதற்குள் போய்விட்டது. விமானம் குளிர்ஜுரம் கண்டதுபோல வெடவெடவென்று நடுங்கியது. மூக்கைச் சுற்றித் தூசி வட்டம் போட்டு அங்கேயே நின்றது. பின்பக்கம் பார்த்தாள். கொடியில் காயப் போட்டிருந்த ஸ்டெனியின் சாரம் அசையவே இல்லை. கட்டியிருந்த கயிறு துளிகூட இறுகவில்லை. கதவில் ஒரு திருகாணி கழன்று மடியில் விழுந்ததும் எஞ்சினை நிறுத்தினாள்.

"ஹேண்ட்பிரேக் எடுத்தியா?" என்றான் ஸ்டெனி.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கோ."

எஞ்சினில் குறை இல்லை. சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தாள், சிக்கல் இல்லை. புரொபெல்லரைக் கழற்றி முற்றத்தில் ஒரு டிரம்மின்மேல் படுக்க வைத்தாள். அதற்குள் மழை வந்துவிட்டது. குலசேகரத்து மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை. அவள் பட்டறை வாசலில் உட்கார்ந்து, இரண்டு நாளில் கிரேன் வரும், ஆணி வரும், கடைசிவரைக்கும் இது நகராது என்று நினைத்துக்கொண்டே புரொபெல்லரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைத்தண்ணீர் அதன் இரண்டு கைகளிலும் ஓடி, சரிவு வழியாகக் கீழே வடிந்தது. இடது கையிலிருந்து இவள் பக்கம் வடிந்தது. வலது கையிலிருந்தும் இவள் பக்கமே வடிந்தது.

ஷைஜா எழுந்தாள். நனைந்துகொண்டே போய், உள்ளேயிருந்து எடுத்த செம்புத் தண்ணீரை மறுபடி இரண்டு கைகளிலும் ஊற்றிப் பார்த்தாள். அதே கதைதான். நல்ல புரொபெல்லரில் ஒரு கையின் தண்ணீர் இந்தப் பக்கம் வடிந்தால் மறுகையின் தண்ணீர் அந்தப் பக்கம் வடிய வேண்டும். அப்போதுதான் சுற்றி வரும்போது இரண்டு கையும் ஒரே திசையில் காற்றைத் தள்ளும். இதில் ஒரு கை முன்னால் தள்ள, மறுகை பின்னால் தள்ள, இரண்டும் சண்டை போட்டு விமானத்தைக் குலுக்கி எடுத்திருக்கின்றன. சுயம்புராஜ் வலது கைக்கு இடது கையாக, தலைமயிர் பிசகாமல், ஒரு துவாரபாலகர் ஜோடி செதுக்கிவிட்டார்.

அதைப் பூட்டியவள் அவள்தான். வாழ்நாளெல்லாம் ரோலரில் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றும் இரண்டு உருளைகளைப் பார்த்துப் பழகிய கண் அதைச் சரி என்று சொல்லிவிட்டது. ஷைஜா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடியும் இடத்தில் அழுகை வந்தது. நல்லவேளை, மழையில் யாருக்கும் தெரியவில்லை.

போனில் சொன்னபோது சுயம்புராஜ் நம்பவில்லை. "எனக்க கையில பிசகா? முப்பது வருஷத்துல வந்ததில்லையே அம்மா" என்றார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மொபெட்டில் வந்து இறங்கினார். பின்சீட்டில் நீளமாக ஏதோ சாக்கில் கட்டியிருந்தது. ஷைஜா செம்பை அவரிடமே கொடுத்தாள். ஊற்றினார். பார்த்தார். முண்டாசை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு காவக்காரனையும் ஒரே பக்கம் திரும்ப வச்சா கோயில்காரன் கல்லெடுத்து எறிவான். கை தன்னால கண்ணாடி பாத்துட்டு, அம்மா. போதாததுக்கு எங்க பதியில கண்ணாடி முன்னாலதான் நின்னு கும்பிடுதோம்."

"நானுந்தான் பாக்காம விட்டேன் அண்ணாச்சி. படிச்ச முட்டாளு நானாக்கும்."

"அப்ப ரெண்டு முட்டாளும் சரிக்குச் சரி. இதுலயும் பாரு, ஜோடி பிசகல்ல" என்று சொல்லி அவரே முதலில் சிரித்தார்.

பிறகு சாக்கை அவிழ்த்தார். உள்ளே இன்னொரு அயினி மரம். கல் எப்போது கோபித்துப் பிளக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் எந்த வேலைக்கும் இரண்டு துண்டு எடுத்து வைப்பது அவர் வழக்கம். இதில் ஒரு கை செதுக்கி முடித்துக் கிடந்தது. மறுகையில் உளியே படவில்லை. கையில் ஒரு பகல்தான் இருந்தது.

வேலை தொடங்கி அரைமணி நேரத்தில் ஷைஜா பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். சுயம்புராஜ் எழுந்து மரத்துக்கு மறுபக்கம் போய், முடிந்த கையைப் பார்த்து, முடியாத கையில் உளியை வைத்திருந்தார். சரிவு மறுபடியும் இவள் பக்கமே இறங்கத் தொடங்கியிருந்தது. நல்லவேளை, மேல்தோல்தான் போயிருந்தது.

"மன்னிக்கணும்மா. எனக்கே தெரியல்ல. கை போகுது."

ஷைஜா மரத்தை அவரிடமிருந்து வாங்கினாள். பிறகு ஒரு பழைய ரோலரின் அச்சைத் தரையில் நட்டு, மரத்தின் நடுத்துளையை அதில் மாட்டினாள். சுயம்புராஜை ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள்.

"நீங்க இருந்த இடத்த விட்டு எழும்பப்பிடாது அண்ணாச்சி. மறுபக்கம்னு ஒண்ணு இல்லவே இல்ல. இந்தக் கைய இங்க இருந்து பாருங்கோ, தடவுங்கோ, எவ்வளவு நேரம் வேணுமோ பாத்துக்கிடுங்கோ. பொறகு நான் மரத்தச் சுத்தி விடுவேன். வாற கை புதுக்கை. அதையும் இதே மாதிரி செய்யுங்கோ. ஜோடி செய்யல்ல நீங்க. ஒரே ஆள ரெண்டு தடவ செய்யுதியோ."

"ஒரே ஆள ரெண்டு தடவ" என்று சுயம்புராஜ் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்று முழுக்க அப்படித்தான் நடந்தது. அவர் முடிந்த கையைத் தடவுவார். ஷைஜா மரத்தை அரைவட்டம் சுற்றி விடுவாள். அவர் நாலு சீவு சீவுவார். மறுபடி சுற்று. மரம் அவர் முன்னால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. அது அதன் தொழில்தானே. ஸ்டெனி கட்டஞ்சாயாவும் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கொண்டு வைத்துவிட்டு, இருவரும் சாப்பிடாததைப் பார்த்து, ரப்பர் கடைக்கே போகாமல் அங்கேயே உட்கார்ந்து மரச்சீவலைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். வெயில் தாழும்போது சுயம்புராஜ் உளியைக் கீழே வைத்துவிட்டுச் செம்பைக் கேட்டார். ஒரு கையில் தண்ணீர் இந்தப் பக்கம் வடிந்தது. மறுகையில் அந்தப் பக்கம் வடிந்தது. கம்பியில் வைத்து எடை பார்த்தபோது ஒரு கை கொஞ்சம் தாழ்ந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினார்கள்.

சனிக்கிழமை காலையில் கிரேன் வருவதற்கு முன்னாலேயே ஊர் வந்துவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்து மதிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மைதானத்துக்குள் யாரும் வராமல் கயிறு கட்டியிருந்தது. செல்வதாஸ் சார் பாதுகாப்பான தூரத்தில் குடையோடு நின்றார், பக்கத்தில் சுயம்புராஜ் முண்டாசோடு நின்றார். ரோலர் பழுது பார்க்க வந்த நாலு தோட்டக்காரர்களும் ஊசியும் கையுமாகத்தான் வந்திருப்பார்கள் என்று ஷைஜா நினைத்தாள். ஏறி உட்கார்ந்தாள். பொத்தானை அழுத்தினாள்.

இந்தத் தடவை நடுக்கமில்லை. முதலில் போனது ஸ்டெனியின் சாரம். கொடியிலிருந்து எழும்பி, தென்னைக்கு மேலே போய், எங்கோ மறைந்தது. "கிட்டிச்சு, ஷைஜா! காத்து கிட்டிச்சு!" என்று ஸ்டெனி துள்ளினான். அவன் கட்டைகளை இழுத்துவிட்டுத் தள்ளி ஓடியதும் ஷைஜா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

விமானம் ஒரு கணம் யோசித்தது. பிறகு நகர்ந்தது. மாட்டுவண்டி வேகத்தில் வேலி இருந்த இடத்தைத் தாண்டியது. சைக்கிள் வேகத்தில் மைதானத்துக்குள் இறங்கியது. வேட்டித்துணி இறக்கை இரண்டு பக்கமும் லேசாக ஆடியது. பிள்ளைகள் கத்திய கத்தலில் எஞ்சின் சத்தமே குறைந்துபோயிற்று. ஷைஜா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் துடைக்கக் கை இல்லாமல் கோல்போஸ்ட்டையே பார்த்தபடி போனாள். அதற்குப் பத்தடி முன்னால் எஞ்சினை அணைத்துப் பிரேக்கை மிதித்தாள். விமானம் நல்ல பிள்ளையாக நின்றது. மதிலில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் "கோல்!" என்றார்கள்.

தோட்டக்காரர்களில் ஒருவர் வந்து இறக்கையைத் தொட்டுப் பார்த்தார். "பிளேன் படிச்ச பிள்ளையாக்கும்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அதே சொற்கள்தான். அதில் ஊசி இல்லை.

எஞ்சினையும் புது புரொபெல்லரையும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் வெறும் தண்டு ஒன்றைப் பூட்டி அதில் பழைய துவாரபாலகர் ஜோடியை மாட்டினாள் ஷைஜா. அன்று சாயங்காலம் கிரேன் விமானத்தைத் தூணில் ஏற்றி வைத்து இறங்கியதும், செல்வதாஸ் சார் ஆணியையும் சுத்தியலையும் கேட்டார்.

"வேண்டாம் சார். அது சுத்தாது."

"அதெப்படி சுத்தாம இருக்கும்?"

பதிலுக்குப் பேச்சிப்பாறை மலையிலிருந்து காற்றே இறங்கி வந்தது. ரப்பர் மரங்கள் தலை கவிழ்ந்தன. சாரின் குடை மடங்கியது. தூணின்மேல் தேன் நிறக் காற்றாடி அசையவில்லை. ஒரு கையைக் காற்று இப்படித் தள்ள, மறுகையை அப்படித் தள்ள, இரண்டு காவல்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றார்கள்.

"துவாரபாலகர்மாரு காத்துக்கெல்லாம் அசையமாட்டாங்க சார்" என்றார் சுயம்புராஜ். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அது பிசகு என்று இனி உலகத்தில் யாரும் சொல்ல முடியாது.

விமானத்தை ஒப்படைத்ததற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று செல்வதாஸ் சார் தாளையும் பேனாவையும் நீட்டினார். ஷைஜா பேனாவை வாங்கினாள், தாளை வாங்கவில்லை. பட்டறைக்குள் போய் விமானத்தின் பழைய குறிப்பேட்டை எடுத்து வந்தாள். விமானத்தை வாங்கி வந்த அன்று சீட்டுக்குப் பின்னால் கிடந்தது அது. கடைசியாக யாரோ நீல மையில், மூக்கு மோதியது, புரொபெல்லர் உடைந்தது, பறக்கத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதன்கீழ் வெள்ளையாக ஒரு வரி. அவள் கை வழக்கம்போலக் காதோரம் செருகியிருந்த பென்சிலைத் தேடிப் போயிற்று. பிறகு திரும்பி வந்தது.

தேதி போட்டாள். 'எஞ்சின் ஓடியது. தன் காற்றில் நூற்றிருபது அடி போயிற்று' என்று எழுதினாள். அடியில் ஷைஜா என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டாள்.

செல்வதாஸ் சார் தாளோடு காத்துக்கொண்டு நின்றார். "முடிஞ்சுதா பிள்ளே? பேனாவத் தா."

"ஒரு நிமிஷம் நில்லுங்கோ சார்" என்றாள் ஷைஜா. "மை காயட்டு."